லொறிப் பட்டறைக்குப் போக நினைக்கும் என் மகனுக்கு

ராசா முத்தையாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. தீபாவளி முடிந்த மறுநாள் காலையில் நீ மழையோடு மழையாக இறங்கிப் போனதுதான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வளைவு வரைக்கும் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாய். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கோபத்தில் போகிறாயா, வருத்தத்தில் போகிறாயா என்று எனக்குத் தெரியவில்லை. உனக்கே தெரிந்திருக்குமோ என்னவோ.

முதல்நாள் ராத்திரிச் சோற்றில் கை வைத்தபடி நீ சொன்னாய்: "கிளாக்கர் வேலைய விட்டுட்டு, பண்டாரவளையில லொறிப் பட்டறைக்குப் போயிரலாம்னு இருக்கேம்மா." அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான், "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவா?" என்று கேட்டேன். எத்தனை நாளாக மனதில் போட்டு உருட்டி வைத்திருந்த பேச்சோ, அதற்கு உன்னைப் பெற்றவள் சொன்ன பதில் அதுதான். நீ கையைக் கழுவிவிட்டுப் படுத்துவிட்டாய். ராசா, அது கோபமில்லை. எனக்கு எதுவும் உடனே வாயில் வராது. கேட்டதை வேலைக்கு நடுவிலும் நடைக்கு நடுவிலும் போட்டு யோசித்தால்தான் என்ன நினைக்கிறேன் என்று எனக்கே தெரியவரும். இப்போது தெரிந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுமையாகப் படி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன்னை அந்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார வைக்க ஆசைப்பட்டவள் நான்தான். நம் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளில் வெள்ளைக் கோட்டுப் போட்டு, தோட்டத்துத் துரை ஆபீசில் பேனா பிடித்தவன் நீதான் முதல் ஆள். உனக்கு வேலை கிடைத்த அன்று, நேர்வழியை விட்டுவிட்டுப் பெரட்டுக் களத்தைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கிற இடம் அது, எந்நேரமும் நாலு பேர் நிற்பார்கள். யாராவது கேட்கமாட்டார்களா, சொல்லமாட்டோமா என்று ஒரு ஆசை. கேட்டார்கள், நானும் சொன்னேன். அதற்காக நான் வருத்தப்படவில்லை. அந்த வேலை உனக்கு இங்கிலீஷ் கொடுத்தது, நாலு பேர் முன்னால் தலை நிமிர்ந்து பேசக் கற்றுக் கொடுத்தது, காமாட்சியை உனக்குப் பெண்டாட்டியாகக் கொடுத்தது. நீ அதை விட்டுப் போனாலும் அது வீணாய்ப் போன காலமாகிவிடாது.

நான் தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு மருத்துவச்சி ஆன கதை உனக்குப் பாதிதான் தெரியும். நீ அப்போது சின்னவன். அம்மா பையைத் தூக்கிக்கொண்டு எங்கேயோ போகிறாள், விடிந்து வருகிறாள் என்கிற வரைக்கும்தான் நீ பார்த்தாய். மீதியையும் இப்போது சொல்கிறேன்.

கொழுந்து எடுப்பது எனக்குப் பிடிக்காமல் இல்லை. எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், பிடிக்காத வேலையைத்தான் மனுஷர் விடுவார்கள் என்று. எனக்கு மலையும் பிடிக்கும், பேச்சும் சிரிப்பும் பிடிக்கும். என் கை வேகம் என்று கங்காணியே மற்றவர்களிடம் சொல்வார். ஆனாலும் சாயங்காலம் கூடையை இறக்கும்போது, உடம்பெல்லாம் அலுத்துப்போய் எனக்குள்ளே ஏதோ ஒன்று மட்டும் வேலையே செய்யாமல் இருந்த மாதிரி இருக்கும். அது என்ன என்று சொல்லத் தெரியாது. யாரிடமும் சொன்னதும் இல்லை.

ஒரு மாரிக் காலத்தில் பக்கத்து லயத்துச் செல்லம்மாவுக்கு நோவு கண்டது. முதல்நாள் தொடங்கியது மறுநாளும் விடவில்லை. கம்பளியைக் கம்பில் கட்டித் தொட்டில் போலாக்கி, ஆண்கள் அவளை அப்புத்தளை ரோட்டு வழியாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். துணைக்கு ஒரு பொம்பளை வேண்டும் என்றதால் நான் கூடப் போனேன். பாதி வழியில் ரோட்டையே காணோம். மண் சரிந்து, மரமும் கல்லுமாய்ப் பள்ளத்தில் கிடந்தது. முன்னாலும் போக முடியாது, அந்த மழையில் திரும்பித் தூக்கிக்கொண்டு ஏறவும் முடியாது. வண்டிக்காரர்கள் மாடு கட்டுகிற ஒரு கொட்டில் ரோட்டோரம் இருந்தது. அதற்குள் அவளைக் கிடத்திவிட்டு ஆண்கள் வெளியே போய்விட்டார்கள். உள்ளே அவளும் நானும்தான். உன்னைப் பெற்றிருக்கிறேன் என்பதைத் தவிர எனக்கு என்ன தெரியும்?

பிள்ளை வந்தது. கழுத்தில் கொடி சுற்றி, உடம்பு நீலம் பாரித்து, சத்தமே இல்லாமல் வந்தது. கொடியை விலக்கினேன், வாயில் விரல் விட்டுத் துடைத்தேன், முந்தானையால் முதுகைத் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அது ஒரு தும்மல் போட்டு அழுதது பார், வெளியே மழைக்குள் நின்ற ஆண்கள் எல்லாம் "ஓ" என்று கத்தினார்கள். செல்லம்மா கண்ணைத் திறந்து, "ஆணாக்கா, பொண்ணாக்கா?" என்றாள். "ஐயோ, நான் பாக்கலயேடி!" என்றேன். அந்த நிலைமையிலும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பெண் பிள்ளை.

ரோட்டைச் சரிசெய்த பிறகு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்த மிஸி தாயையும் பிள்ளையையும் பார்க்க லயத்துக்கே வந்தார். சிங்களப் பொம்பளை, என் வயதுதான் இருக்கும். தமிழைக் கடித்துக் கடித்துப் பேசுவார்.

"இந்தப் புள்ள எடுத்தது யாரு?"

"நாந்தானுங்க."

"பயம் இல்லையா?"

"பயந்துக்கிட்டேதாங்க செஞ்சேன்."

அவர் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்ககூட வேலைக்கு வாறதா?" என்று கேட்டார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வீட்டில் பெரிய ரகளை. உன் பெரியப்பா வந்து நின்றுகொண்டே பேசினார். "அடுத்தவளுக்குப் பிரசவம் பாக்குறது நம்ம சாதி சனம் பாக்குற வேலையா? ரத்தத்தில கைய வச்சுட்டு வந்து அந்தக் கையால சோறு போடுவியா? நாளைக்கு ஒம் மகனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" அப்பா அப்போது ஃபெக்டரியில் அடுப்புக்கு விறகு போடுகிற வேலையில் இருந்தார்.  அண்ணன் போன பிறகு, வெளியே இருட்டைப் பார்த்துக்கொண்டே, "நீ போறதுன்னா போ. சோறு நான் வடிச்சுக்கிறேன்" என்றார். அதுவரைக்கும் பானையைத் தொடாத மனுஷர். ஃபெக்டரி அடுப்புக்குத் தீ போடுகிற மாதிரியே வீட்டு அடுப்புக்கும் போடுவார். எத்தனை நாள் நீ அடிப்பிடித்த சோறு தின்றாய்! "கருகினதுதான் ருசிம்மா" என்று எனக்காகச் சொல்வாய்.

ஆனால் ராசா, நான் ஒரே நாளில் கூடையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் மலையில் வேலை இல்லாத நாட்களிலும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே எனக்கு யார் பிள்ளையைக் கையில் கொடுத்தார்கள்? ரத்தத் துணி துவைத்தேன், சட்டி கழுவினேன், தண்ணீர் காய்ச்சினேன். கார்பாலிக் வாடை தலைமுடியில் ஏறி, பக்கத்தில் படுத்தால் நீ மூக்கைப் பிடித்துக்கொள்வாய். அந்தக் கொட்டிலில் நடந்த மாதிரியே எல்லா நாளும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனவள் நான். இந்தத் துணி மூட்டைக்காகவா இத்தனை பேச்சுக் கேட்டோம் என்று ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். அப்புறம் ஒருநாள் யோசித்துப் பார்த்தேன். அழுகிறேன், ஆனால் அடுத்த ஞாயிறு எப்போது வரும் என்றும் பார்க்கிறேன். அந்த அசிங்கமான பங்கைச் செய்யும்போதும் திரும்பிப் போகத் தோன்றவில்லை. அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் மலை வேலையை விட்டேன். போத்தலில் ஒட்டியதைப் படிக்கத் தெரிய வேண்டும் என்று மிஸி சொன்னதால் எழுத்தும் கற்றுக்கொண்டேன். பதுளையில் போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்து, நம் தோட்டத்துக்கே மருத்துவச்சி ஆனேன். ஆரம்பத்தில் சம்பளம் கொழுந்து எடுத்ததைவிடக் குறைவுதான்.

இதுவரைக்கும் சொன்னது நல்ல கதை. இதற்குப் பிறகு நடந்ததை உன்னிடம் சொன்னதே இல்லை. ஒரு பெண், தலைப்பிரசவம். பிள்ளை நன்றாகப் பிறந்தது. அதற்குப் பிறகு ரத்தம் நிற்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் செய்தேன். மிஸி வந்து சேர்ந்து, அவரும் செய்தார். அவள் என் கையைப் பிடித்தபடியே போய்விட்டாள். பேர் சொல்லமாட்டேன், அவள் பிள்ளை இன்று வளர்ந்து இதே தோட்டத்தில் இருக்கிறது. "உன்மேல தப்பு இல்ல" என்று மிஸி சொன்னார், அந்தப் பெண்ணின் மாமியாரும் சொன்னார். நான் பையைக் காம்பரா மூலையில் வைத்துவிட்டு, மறுநாள் விடிகாலை பெரட்டுக்குப் போய் நின்றேன். கங்காணி என்னைப் பார்த்தார்.  "வா, கூடய எடு" என்றார், அவ்வளவுதான்.

மறுபடி கொழுந்து எடுத்தேன். ஒரு குறையும் இல்லை. ராத்திரி நன்றாகத் தூங்கினேன். உன் பெரியப்பா வீட்டுக்கு வந்து, என் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்தார். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். இப்படியே இருந்துவிடலாம் என்று நானும் நினைத்தேன்.

அப்படி இருக்கும்போது ஒரு காலை நேரத்தில், மலைக்குக் கீழேயிருந்து ஒரு கிழவி மூச்சு வாங்க ஏறி வந்தாள். "அடியே ராக்காயி! அண்ணிக்காரிக்கு நோவு கண்டிருச்சுடி, ஓடியா!" என்று கத்தினாள். அவள் கூப்பிட்டது என்னையில்லை. எனக்கு அடுத்த நிரையில் நின்ற அவள் மகளை. ஆனால் ராக்காயி தலையைத் தூக்குவதற்கு முன்னால் நான் ஓடிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து கங்காணி, "ஏய், கூடய எறக்கி வச்சுட்டுப் போ!" என்று கத்துகிறார். காதில் விழுகிறது, நிற்கத் தோன்றவில்லை. லயத்துக் கதவுக்குள் நுழையப் பார்த்தால் நுழைய முடியவில்லை. கூடை நிலையில் இடித்து நிற்கிறது. அப்போதுதான் முதுகில் கூடை இருப்பதே நினைவு வந்தது. வழியெல்லாம் கொழுந்து சிந்திக் கிடந்தது. கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனேன்.  போன தடவை நடந்ததெல்லாம் கண்முன்னால் வந்தது. ஆனாலும் நான் இருக்க வேண்டிய இடம் அந்தக் காம்பரா என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. அன்று பையன் பிறந்தான். அன்றோடு கூடையைக் கொடுத்துவிட்டேன்.

உன் பெரியப்பா அதற்குப் பிறகு நம் வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை. இன்றுவரைக்கும் இல்லை. எல்லாரும் கடைசியில் மனம் மாறிவிடுவார்கள் என்று உனக்குச் சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் அது பொய்யாகிவிடும். சிலர் மாறினார்கள், சிலர் மாறவில்லை. அவரைப் பார்க்கும்போது இன்னும் எனக்கு வலிக்கிறது. வலித்தபடியே கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ சொன்னதைக் கேட்டதும் எனக்கு வந்த முதல் பயம், பெரிய கிளாக்கர் உன்னை எல்லார் முன்னாலும் ஏசுகிறார் என்பதால் ஓடப் பார்க்கிறாயோ என்பதுதான். அவர் ஏச்சுக்காக ஓடினால், பட்டறையிலும் ஏசுவதற்கு ஒருவர் இருப்பார், அங்கேயிருந்து எங்கே ஓடுவாய்? அதனால் உனக்குச் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். தீபாவளிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொழுந்து லொறி ஒன்றில் கெஞ்சி இடம் பிடித்துப் பண்டாரவளைக்குப் போனேன். ஆமாம், நீ ஞாயிறு தோறும் போகிற அந்தப் பட்டறைக்குத்தான்.

எதிரே ஒரு கடை வாசலில் நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு லொறிக்கு அடியில் இரண்டு கால் நீட்டிக்கொண்டிருந்தது. பெற்றவளுக்குக் கால் தெரியாதா? நீ வெளியே வந்து, முன்னால் போய், வண்டியைக் கிளப்புகிற கம்பியைச் சுற்றினாய். லொறி இருமிவிட்டு நின்றுபோனது. மறுபடி அடியில் போனாய், வந்தாய், சுற்றினாய், மறுபடி நின்றது. சுற்றி நின்றவர்கள் கேலி செய்தார்கள். நீ உடைந்துபோய்விடுவாய் என்று பயந்தேன். ஏனென்றால், ஆபீசில் ஒரு தொகை தப்பாகக் கூட்டிவிட்டால்கூட நீ இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடப்பாய் என்று காமாட்சி என்னிடம் சொல்லியிருக்கிறாள். இங்கே நீ முகத்தை எண்ணெய்க் கையால் துடைத்து, முகமெல்லாம் கரியாக்கிக்கொண்டு, "இருங்கப்பா, அவளுக்கு எங்கயோ கோவம். என்னன்னு கேட்டுட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே மறுபடி அடியில் போய்ப் படுத்தாய். நான் நின்ற வரைக்கும் அந்த லொறி கிளம்பவே இல்லை. எனக்கு அதுதான் நல்லதாகப் போயிற்று. கிளம்பியிருந்தால் நீ சிரித்ததில் ஆச்சரியமில்லையே. கிளம்பாதபோதும் நீ அப்படி இருந்ததைப் பார்க்கத்தான் நான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று தோன்றியது.

பட்டறை முதலாளி ஹமீது நானா கடைக்குத் தேத்தண்ணிக்கு வந்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. "யாரயும் பாக்கணுமாம்மா?" என்றார். "இல்லைங்க, மழைக்கு ஒதுங்குனேன். அந்தத் தம்பி யாருங்க?" என்றேன். "தோட்டத்து ஆபீசுல கிளாக்கரு. ஞாயித்துக்கெழம ஆனா வந்துரும். வேலைய முழுசாத் தெரிஞ்சுக்க இன்னும் நாளாகும்மா. ஆனா தெரியாதத தெரியலன்னு கேக்குது. அப்பிடி ஒரு ஆள் கெடைக்கிறது கஷ்டம்" என்றார். நான் உன்னைக் கூப்பிடாமல் திரும்பிவிட்டேன்.

ஒன்றை மட்டும் நீயே உன்னைக் கேட்டுக்கொள். இந்த மலை ரோட்டில் இறங்குகிற லொறிக்கு ஒருநாள் ஏதாவது ஆகலாம். நீ கை வைத்த வண்டியாகவும் இருக்கலாம். அதற்குப் பிறகு அடுத்த வண்டிக்கு அடியில் போய்ப் படுக்க உன்னால் முடியுமா? இப்போதே பதில் தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. அந்தக் கேள்வியோடுதான் போக வேண்டும் என்று மட்டும் தெரிந்துகொண்டு போ. பெரிய கிளாக்கரிடம் சண்டை போட்டுவிட்டு வெளியே வராதே. அவரிடம் கும்பிட்டுச் சொல்லிவிட்டு வா. கோபத்தில் விட்ட வேலை, விட்ட பிறகும் மனதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும்.

மறுநாள் நீ ஆபீசில் இருக்கும் நேரமாகப் பார்த்து உங்கள் வீட்டுக்கு, காமாட்சியிடம் போனேன். இதையும் அவள் உன்னிடம் சொல்லியிருக்கமாட்டாள், நான்தான் சொல்ல வேண்டாம் என்றேன். வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், பிள்ளை நன்றாக இருக்கிறது, தை பிறந்து கொஞ்ச நாளில் வரும். பேச்சோடு பேச்சாக, "ஒம் புருஷன் வெள்ளக் கோட்டக் கழட்டிட்டா ஒனக்கு வருத்தமா இருக்குமாத்தா?" என்று கேட்டேன்.

 "எங்க அப்பா ஏதாச்சும் சொல்லுவாருதான் அத்தை. அத நான் சமாளிச்சுக்குவேன். ஆனா இந்த வீடு ஆபீஸ் வீடு. வேலைய விட்டா வீடும் போயிரும். கைப்புள்ளய வச்சுக்கிட்டு எங்க இருக்கிறதுன்னுதான் பயம்" என்றாள். "அதுக்கு நான் இருக்கேன், நம்ம வீட்டுக்கு வந்துரு. பண்டாரவளையில ஒரு காம்பரா கெடைக்கிற வரைக்கும் புள்ளயும் நீயும் எங்ககூட இருங்க" என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு, கொஞ்சம் ரோஷமாகவே சொன்னாள்: "அவரு ஒங்ககிட்ட வந்து கேட்டாரு. ஹமீது நானாகிட்ட கேட்டாரு. எங்கிட்ட இன்னும் ஒரு வார்த்த கேக்கல அத்தை. ராத்திரி முழுக்கப் பொரண்டு பொரண்டு படுக்கிறாரு, நானும் தூங்குற மாதிரியே படுத்திருக்கேன்."

அடே முத்தையா! அப்பா அன்று என்னிடம் "போறதுன்னா போ" என்று சொன்னாரே, அதற்கு முன்னால் நான் அவரிடம் கேட்டேன். அவர் வேண்டாம் என்றிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அது வேறு. ஆனால் கேட்டேன். நீ எங்களிடம் வந்து ரசச் சோற்றுக்கு முன்னால் கேட்ட கேள்விக்கு நாங்கள் பதில் சொல்ல வேண்டிய ஆட்களே இல்லை. உன் கரி வேட்டியைத் துவைக்கப் போகிறவளும், குறைந்த சம்பளத்தில் உலை வைக்கப் போகிறவளும் அவள். இந்தக் கடுதாசியை மடித்து வைத்துவிட்டு, இன்றைக்கே அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேள். முழுசாகச் சொல்லிக் கேள், அந்த லொறி கிளம்பாததையும் சேர்த்துச் சொல். அவள் என்ன பதில் வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். அது அவள் உனக்குச் சொல்ல வேண்டியது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா உள் காம்பராவில் இருந்த விறகையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறார். கேட்டால், "பச்சப்புள்ள வர்ற எடம், ஈரம் இருக்கக் கூடாது" என்கிறார்.

உன் அம்மா.